சுவர் நிறையச் சொந்தம், சொல்ல ஒரு ஆள் இல்லை

மதுரையில் ஒருவர் இறந்தால், உடல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் ‘கண்ணீர் அஞ்சலி’ சுவருக்கு வந்துவிடும். செல்லூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம், கிழக்கே ஒத்தக்கடை, மேற்கே செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி வரை இதுதான் வழக்கம். படத்துக்குக் கீழே பெயர்கள் அணிவகுக்கும். மகன்கள், மருமக்கள், பேரன் பேத்திகள், பங்காளிகள், மாமன் மச்சான்கள், சம்பந்திகள், ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், ரசிகர் மன்றம். இடம் போதாவிட்டால் எழுத்து சிறுக்குமே தவிர பெயர் விடுபடாது. விடுபட்டால் காரியம் முடிவதற்குள் ஒரு சண்டை உறுதி.

அந்தப் போஸ்டர்களில் சிலவற்றில் இருப்பவை முப்பது வயதைத் தாண்டாத முகங்கள். ‘அகால மரணம்’ என்று மட்டும் போட்டிருக்கும். எப்படி நடந்தது என்று தெருவுக்கே தெரியும், போஸ்டர் சொல்லாது. நாற்பது ஐம்பது பெயர்கள் சூழ இருந்த ஒருவருக்குக் கடைசி இரவில் அவற்றில் ஒரு பெயரைக்கூடக் கூப்பிடத் தோன்றவில்லை. தற்கொலையைப் பற்றிப் பேசும் எல்லோரும் “உறவுகள் அறுந்துபோனதுதான் காரணம், கூட்டுக்குடும்பம் போச்சு, செல்போன் வந்துச்சு” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். மதுரையைச் சுற்றிய இந்தச் சமவெளியில் அந்த விளக்கம் ஒட்டவில்லை. இங்கே உறவு அறுந்துவிடவில்லை. முறை தவறாமல் சீர் செய்கிறோம், மொய் வைக்கிறோம், கிடா வெட்டுக்குக் கூடுகிறோம், துட்டி கேட்கப் போகிறோம். உறவு குறைந்த ஊராக இருந்தால் கணக்கு எளிது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். லட்சம் பேருக்கு 12.4. தமிழ்நாட்டில் 19,834 பேர், லட்சம் பேருக்கு 25.9. தேசிய சராசரியைப் போல் இரண்டு மடங்கு. எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நம்முடையது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, பஸ் வசதி என்று எதை எடுத்தாலும் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் இந்தப் பட்டியலிலும் முன்வரிசையில் நிற்கிறது.

காவல் நிலையப் பதிவை வைத்து எடுக்கும் கணக்கு இது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பக்கத்திலுள்ள கணியம்பாடி வட்டாரத்தில் வேறு வழியில் போனார்கள். இறப்பு நடந்த வீட்டுக்கே சுகாதாரப் பணியாளர்கள் போய், பக்குவமாகப் பேசி, காரணத்தை அறிந்து குறித்தார்கள். 1994 முதல் 1999 வரை அப்படி எடுத்த கணக்கில் தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 95. காவல்துறைக் கணக்குக்கும் இதற்கும் இடையில் இருக்கும் பள்ளம் அதிகாரிகளின் சோம்பலால் மட்டும் விழுந்ததல்ல. தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்குப் பழகிய வரி ஒன்று உண்டு: ‘தீராத வயிற்றுவலி காரணமாக.’ எத்தனை ஆண்டுகளாக எத்தனை பேருக்கு இந்த வயிற்றுவலி! கடன், காதல், கணவனின் அடி, கலைந்த கர்ப்பம், பரீட்சை எல்லாவற்றையும் அந்த ஒரு வலிக்குள் மடித்து வைத்து ஊர்ப் பெரியவர்கள் புகார் எழுதிக் கொடுக்கிறார்கள். குடும்ப மானம் கெடக்கூடாது, மிச்சமிருக்கும் பெண்ணுக்கு வரன் வரவேண்டும் என்ற அக்கறைதான் அது. அக்கறை உண்மையானது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது அவர் வாயை அடைத்ததும் அதே மானம்தான்.

துர்கெய்மும் அவர் ஒதுக்கிய அடிக்குறிப்பும்

தற்கொலையைத் தனி மனிதரின் மனக்கோளாறு என்ற கூண்டிலிருந்து வெளியே எடுத்துச் சமூகத்தின் கேள்வியாக்கியவர் பிரெஞ்சுக்காரரான எமில் துர்கெய்ம். அவருடைய ‘தற்கொலை’ நூல் 1897-இல் வந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்துக்காகச் சாகிறார்கள் என்றால், ஒரு நாட்டின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பது எப்படி என்பது அவர் கேள்வி. விடையை அவர் இரண்டு அளவுகளில் தேடினார். ஒரு மனிதர் கூட்டத்தோடு எவ்வளவு பிணைந்திருக்கிறார், கூட்டம் அவர் ஆசைகளுக்கு எவ்வளவு வரம்பு கட்டுகிறது. பிணைப்பு மிகக் குறைந்தால் ஒரு வகை, மிக அதிகமானால் இன்னொரு வகை. திடீர் வீழ்ச்சியாலோ திடீர்ப் பணத்தாலோ வரம்பு குலைந்தால் மூன்றாவது வகை.

நான்காவது வகையும் இருக்க வேண்டுமே? வரம்பு மூச்சு முட்டும் அளவுக்கு இறுகினால்? இருக்கிறது என்று துர்கெய்ம் ஒப்புக்கொள்கிறார், ஓர் அடிக்குறிப்பில். மிக இளம் வயதில் கணவனானவர்கள், பிள்ளை இல்லாத மனைவிகள், அடிமைகள் என்று சில உதாரணங்கள் சொல்லிவிட்டு, இந்தக் காலத்தில் இதற்கு முக்கியத்துவம் குறைவு என்று கடந்துபோய்விடுகிறார். பாரிஸில் உட்கார்ந்து எழுதியவருக்கு அது அடிக்குறிப்பு. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ உட்கார்ந்து எழுதியிருந்தால் அதுதான் முதல் அத்தியாயமாகியிருக்கும்.

2022-இல் நாட்டில் தற்கொலையால் இறந்த பெண்கள் 48,172 பேர். அவர்களில் 25,309 பேர் இல்லத்தரசிகள், பாதிக்கும் மேல். திருமணம் உயிரைக் காக்கும் என்பது சமூகவியலின் பழைய பாடம். அது ஆண்களைக் காக்கும் அளவுக்குப் பெண்களைக் காப்பதில்லை என்று துர்கெய்மின் எண்களே காட்டின. 2016-இல் உலகில் தற்கொலையால் இறந்த பெண்களில் நூற்றுக்கு 37 பேர் இந்தியர்கள் என்று 2018-இல் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. கணியம்பாடியில் பத்து முதல் பத்தொன்பது வயதுக்குள் இருந்தவர்களைத் தனியாகப் பார்த்தபோது, பையன்களின் விகிதம் லட்சத்துக்கு 58, பெண்பிள்ளைகளின் விகிதம் 148. பெரும்பாலான நாடுகளில் ஆண்களின் எண் மேலே இருக்கும். இங்கே அந்த வயதில் தலைகீழ்.

அந்த வயதுப் பெண்ணுக்கு உறவா இல்லை? அப்பா, சித்தப்பா, அண்ணன், தாய்மாமன், எதிர்வீட்டுப் பெரியம்மா, பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அதே தெருப் பையன்கள் என்று அத்தனை கண்களும் அவள் மேல்தான். யாரோடு பேசினாள், போனில் யார் என்று ஊருக்கே தெரியும். அவளுக்கு என்ன செய்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவள் விரும்பியவன் வேறு சாதி என்றால் அந்தக் கண்களே கைகளாகும். போஸ்டரில் இருக்கும் அந்த நீண்ட பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். நண்பர்கள் வரிசையைத் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் ஒரே சாதிப் பட்டியல். நம் உறவின் பலமும் அங்கேதான், அதன் பூட்டும் அங்கேதான். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்று சட்டம் வைத்திருக்கிறோம். அவள் உயிரோடு தாய்வீட்டுக்கு வந்து நின்றபோது “அனுசரிச்சுப் போம்மா” என்று திருப்பி பஸ் ஏற்றிவிட்டதற்கு எந்த விசாரணையும் கிடையாது.

சீர் செய்யும் மாமன்

ஆண்களின் கதைக்கு வருவோம். இறந்த 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். நாலில் ஒரு பங்குக்கும் மேல் தினக்கூலிகள். மொத்தத்தில் நூற்றுக்கு 64 பேரின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்கும் கீழே. வறுமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் ஏழ்மை இதைவிடக் கூடுதலாக உள்ள பீகாரின் விகிதம் நம்மைவிட மிக மிகக் கீழே இருக்கிறது. பதிவில் உள்ள குறையைக் கழித்துப் பார்த்தாலும் வெறும் காசு இல்லாமை இதை விளக்காது. காசு இல்லாமையோடு தலை நிமிர்ந்து நிற்க வேண்டிய கட்டாயமும் சேரும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மதுரை வட்டாரத்தில் அந்த இடத்தின் பெயர் செய்முறை. தங்கை மகளுக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் தட்டு வரிசையோடு, மேளத்தோடு, வேட்டோடு வந்து இறங்க வேண்டும். எத்தனை தட்டு என்று எண்ணுவதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். போன தடவை அவர் வைத்த மொய் ஐயாயிரம் என்றால் இப்போது நாம் அதற்குக் குறையாமல், முடிந்தால் கூட்டி வைக்க வேண்டும். மொய் நோட்டு போய் கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது, ரசீது கையிலேயே கிடைக்கிறது. மறக்க வழியே இல்லை.

இங்கே சமூகவியல் வரலாற்றில் இருந்து ஒரு சின்னச் செய்தி. துர்கெய்ம் தன் நூலுக்காக ஏறக்குறைய 26,000 தற்கொலைப் பதிவுகளை வகை பிரிக்க வேண்டியிருந்தது. அந்தச் சலிப்பூட்டும் வேலையைச் செய்து கொடுத்தவர் அவருடைய சகோதரி மகன் மார்சல் மோஸ். நம் முறைப்படி துர்கெய்ம் தாய்மாமன், மோஸ் மருமகன். அந்த மருமகன்தான் பின்னாளில், 1925-இல், கொடையைப் பற்றி உலகப் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். கொடுத்தால் வாங்கியே ஆக வேண்டும், வாங்கினால் திருப்பியே ஆக வேண்டும், திருப்ப முடியாதவன் முகம் இழப்பான் என்பது அதன் சாரம். மாமன் எழுதியதையும் மருமகன் எழுதியதையும் சேர்த்து வாசிக்க மதுரையை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

மண்டபத்தில் நிமிர்ந்து நின்ற அந்த மாமன் சீருக்கான பணத்தை எங்கே வாங்கினார்? தண்டல், மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று நாளுக்கும் மணிக்கும் கணக்கு வைத்திருக்கும் ஆட்களிடம். அதிக வட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-இல் சட்டமன்றம் இன்னொன்றை நிறைவேற்றியது. சட்டங்கள் தேவைதான். ஆனால் வட்டிக்காரர் வாசலில் வந்து சத்தம் போடுவது பணத்துக்காக மட்டுமல்ல, தெரு கேட்கட்டும் என்பதற்காகவும்தான். நம்முடைய உறவு வலைதான் அவருடைய ஈடு. பத்திரம் எழுதி வாங்காமல் கடன் கொடுக்கும் தைரியம் அங்கிருந்துதான் அவருக்கு வருகிறது. “வெளியே தலை காட்ட முடியல” என்று ஒரு மனிதர் சொல்லும்போது, அவர் பயப்படுவது வட்டிக்காரரின் கைக்கு மட்டுமல்ல. அடுத்த காதுகுத்துக்கு யார் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்பதற்கும்தான்.

நெருக்கமான ஊர் பாதுகாப்பான ஊர் என்ற நம்பிக்கைக்கு அமெரிக்காவிலிருந்தும் ஓர் அடி விழுந்தது. அன்னா முல்லர், செத் அப்ரூட்டின் என்ற இரு சமூகவியலாளர்கள் ஒரு வசதியான சிறு நகரத்தை ஆராய்ந்தார்கள். அதன் உண்மைப் பெயரை மறைத்து ‘பாப்லர் குரோவ்’ என்று பெயர் வைத்தார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பிள்ளைகள் மேல் எல்லோருக்கும் அக்கறை, படிப்பில் விளையாட்டில் முதலிடம். அங்கேதான் பதின்பருவப் பிள்ளைகளின் தற்கொலை அடுத்தடுத்து நடந்தது. 2016-இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் முடிவு துர்கெய்மின் அடிக்குறிப்பை மேலே தூக்கி வைத்தது. ஊர் நெருக்கமாக இருந்ததால் செய்தி நொடியில் பரவியது. செய்தி பரவும் என்று தெரிந்ததால் பிள்ளைகள் தோல்வியை மறைத்தார்கள், பெற்றோர் மனநல மருத்துவரிடம் போவதைத் தவிர்த்தார்கள். டாலரை ரூபாயாக்கினால் நம்மூர்க் கதைதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிணைப்புக்காகச் சாவதை நாம் நெடுங்காலமாகப் போற்றி வந்திருக்கிறோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை அவனை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து போய்ச் சேர்ந்து உயிர்விட்டதைப் புறநானூறு கொண்டாடுகிறது. அந்தக் காலத்துக்கு அது ஓர் அறமாக இருந்திருக்கலாம். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது உயிரை விட்ட தொண்டர்களையும் அதே தொனியில் பேசினோம். மேடையில் ‘தியாகம்’ என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்வதை, விரக்தியில் இருக்கும் ஒரு பத்தொன்பது வயதுக்காரன் கீழே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது பேசுகிறவர்களுக்கு ஏனோ தோன்றுவதே இல்லை.

பூட்டு வாங்கித் தரும் நேரம்

உறவு மாறாமலே தற்கொலை குறைந்த நாடு ஒன்று நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1995-இல் இலங்கையின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47, உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. போர் 2009 வரை நடந்துகொண்டே இருந்தது, குடும்பச் சண்டைகளும் நின்றதாகத் தெரியவில்லை. ஆனாலும் அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கியது. தமிழ்நாட்டு அரசும் 2023-இல் சில பூச்சிமருந்துகளின் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்தது.

சமூகவியல் பேசுகிறவர்கள் இந்தச் செய்தியைச் சற்றுச் சங்கடத்தோடு கடப்பார்கள். தேவையில்லை. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வடிகிறது. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் கொடிய பொருள் இல்லாவிட்டால், உறவு வந்து சேர அவகாசம் கிடைக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும் 2010 வாக்கில் ஒரு முன்னோட்டத்தைச் செய்து பார்த்தார்கள். விவசாயிகள் மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் அறையில் வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு என்று வைத்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் அந்த ஊர்களில் பூச்சிமருந்தால் நடந்த தற்கொலைகள் குறைந்தன. பூட்டைத் திறக்க வீட்டை விட்டு வெளியே நடக்க வேண்டும், இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டும். வாடிப்பட்டி, சோழவந்தான் வயல்வெளிகளிலும் மேலூர்ப் பாசனப் பகுதியிலும் இதைச் செய்ய ஒரு கூட்டுறவுச் சங்கக் கட்டடமும் கொஞ்சம் இரும்புப் பெட்டிகளும் போதும்.

கேட்கும் அந்நியர்

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாக நினைப்பவர்கள் தன்னை அழைக்கலாம் என்று அறிவித்தார். கூட்டம் வந்தது. அவர் ஒருவரே எத்தனை பேரிடம் பேசுவார்? காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துத் துணைக்கு உட்கார்ந்திருக்கச் சில தன்னார்வலர்களை வைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். வெளியறையில் டீ குடித்தபடி பேசிக்கொண்டிருந்த பலர், பாதிரியாரைப் பார்க்கத் தேவையில்லாமலே தேறி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். புத்தி சொல்லத் தெரியாத, குடும்ப வரலாறு தெரியாத, நாளைக்குக் காதுகுத்துக்கு வரப்போகாத ஓர் ஆள் பொறுமையாகக் கேட்டதே பாதி மருந்து. ‘சமாரிட்டன்ஸ்’ அமைப்பு அங்கிருந்து வளர்ந்தது. 1986-இல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய ‘சிநேகா’ அதே வழியில் வந்தது. மதுரையில் மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, மனநோயாளிகளின் மறுவாழ்வையும் ஆலோசனையையும் இந்த வட்டாரத்துக்குள் கொண்டுவந்தது.

இதற்கு எண் சாட்சியும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, பிரேசிலின் காம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய ஐந்து நகரங்களில் தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரைத் தொடர்ந்தது. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு, வீட்டுக்குப் போகும்போது ஒரு மணி நேரப் பேச்சு. பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தடவை போனிலோ நேரிலோ “எப்படி இருக்கீங்க?” என்று விசாரிப்பு. அவ்வளவுதான், விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை. 2008-இல் முடிவு வந்தது. முதல் குழுவில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு, விசாரிக்கப்பட்ட குழுவில் 0.2 விழுக்காடு. எல்லா இடத்திலும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய வித்தியாசம் காட்டிய வேறொன்றை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மதுரையின் பெரியாஸ்பத்திரியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத் தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று சுற்று மாவட்டங்கள் அத்தனையிலிருந்தும் ஆம்புலன்ஸ் வருகிறது. இரவு பகலாக டாக்டர்களும் நர்ஸ்களும் உயிரை மீட்டு அனுப்புகிறார்கள். மீண்டவர் டிஸ்சார்ஜ் சீட்டோடு போய் இறங்குவது எந்த வீட்டிலிருந்து வந்தாரோ அதே வீட்டில். வாசலில் சொந்தக்காரர்கள் கூடி இருப்பார்கள். “எங்களைப் பத்தி யோசிச்சியா?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தானே அவர் அந்த முடிவுக்கே போனார். முயன்று பிழைத்தவர்கள்தான் மறுபடி முயலும் ஆபத்து மிகுந்தவர்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டிய காலம். அந்த வாரங்களில் அழைக்க, ஒன்பது போன்கால் என்ற கணக்கோடு, ஒரு சின்ன அறையும் பயிற்சி பெற்ற சிலரும் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். மதுரையில் சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்குப் பஞ்சம் இல்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்புத் திட்டத்தின் இலக்கு 2030-க்குள் இறப்பைப் பத்து விழுக்காடு குறைப்பது. அந்தப் பத்து விழுக்காட்டை எங்கிருந்து தொடங்கலாம் என்றால் இந்த வார்டின் வாசலில் இருந்து தொடங்கலாம்.

பிறந்ததால் வந்த உறவைத் தவிர வேறு உறவைச் சமைத்துக்கொள்ளவும் இந்த மண்ணுக்குத் தெரியும். 1990 வாக்கில் மதுரைக் கிராமங்களில் தொடங்கிய களஞ்சியம் பெண்கள் குழுக்கள் அதற்குச் சாட்சி. 1997 முதல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை அவற்றை வளர்த்தெடுத்தது. அழகர்கோயில் பக்கத்தைச் சேர்ந்த, பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலித் தொழிலாளியான சின்னப்பிள்ளை அதில் தலைவியாக எழுந்தார். 2001-இல் விருது வழங்கிய மேடையில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலில் விழுந்து வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது. களஞ்சியம் தற்கொலையைக் குறைத்தது என்று நிரூபணம் எதையும் நான் நீட்டவில்லை. ஆனால் குறித்த ஒரு நாளில் பெண்கள் மாமியார் காதுக்கு எட்டாத இடத்தில் கூடி உட்கார்ந்து, யாருக்கு எதற்குக் கடன் தேவை என்று வாய்விட்டுப் பேசும் ஓர் இடம், அதற்கு முன்னால் பல கிராமங்களில் இல்லை.

அதே உருவத்தில், நேர்எதிர் உள்ளடக்கத்தோடு இன்னொன்றும் வந்திருக்கிறது. கூட்டுப் பொறுப்பில் கடன் தரும் நுண்கடன் குழுக்களில், ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற பெண்கள் கட்ட வேண்டும். ஆகவே ஏஜென்ட்டுக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்காவே அவள் வாசலில் வந்து நிற்பாள். 2010-இல் ஆந்திரத்தில் நுண்கடன் நெருக்கடி வெடித்து, அரசு அவசரச் சட்டம் போடும் நிலை வந்ததன் பின்னணியில் இப்படிப்பட்ட வாசல்கள் இருந்தன. இரண்டிலும் பெண்கள் வட்டமாகத்தான் உட்கார்கிறார்கள். ஒன்றில் “என்னால இந்த வாரம் முடியல” என்று சொல்லலாம், மற்றதில் சொல்லக்கூடாது. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே எந்த உறவையும் அளந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, அது குடும்பமோ, ஆபீஸோ, கட்சியோ.

வரம்பைக் கொஞ்சம் தளர்த்தினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடே காட்டிய உதாரணம் பரீட்சை. தோற்றால் ஓராண்டு போச்சு என்றிருந்ததை மாற்றி, சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதும் வழி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அதற்காகத் தொடர்ந்து பேசியவர்களில் சிநேகாவும் உண்டு. 2004-இல் தேர்வுத் தோல்வியால் நடந்த தற்கொலைகள் 407 என்று பதிவாயின. 2014-இல் அது 247. மாணவர்களின் மனஉறுதியை யாரும் கூட்டவில்லை, அட்டவணையைத்தான் மாற்றினார்கள். 2017-இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. பள்ளிகள் விடுவதாக இல்லை. மே மாதத்தில் மதுரையின் எந்தச் சாலையில் போனாலும் பிளெக்ஸில் சிரிக்கும் பிள்ளைகளைப் பார்க்கலாம், மதிப்பெண்ணோடு.

சட்டமும் இறங்கி வந்திருக்கிறது. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவு இல்லை. போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கொண்டுபோகும் குடும்பங்களுக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

வீட்டிலோ தெருவிலோ யாராவது அப்படி ஒரு நிலையில் இருக்கிறார் என்று பட்டால் நேராகவே கேட்கலாம்: “செத்துப்போயிடலாம்னு தோணுதா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பதில் வந்தால் புத்தி சொல்ல வேண்டாம், பிள்ளைகளை நினைத்துப் பார் என்று சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். மருந்து டப்பாவை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். மறுநாளும், அடுத்த வாரமும் ஒரு போன் பண்ணுங்கள். உங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தால் அதில் கோபப்பட ஒன்றும் இல்லை, நீங்கள் சொந்தக்காரராக இருப்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம். முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லட்டும். அரசின் ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவைக்கு 14416, எந்த நேரமும், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். மாநில சுகாதார உதவி எண் 104. சிநேகாவின் எண் 044 - 2464 0050.